பத்து வெள்ளிக்குப் பத்து நாள்

மலேசியாவில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் கைத்தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். முதல் மூன்று இலக்கத்தைச் சொன்னதுமே அவரைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும். 019 என்றால் செல்கோம், 012 என்றால் மெக்சிஸ், 016 என்றால் டிஜி. 017 வைத்திருப்பவர் ஒரு காலத்தில் டைம்செல் வாடிக்கையாளர். 013 வைத்திருப்பவர் டிஎம் டச் காலத்து ஆள். 018 மோபிகோம் எண்ணாக இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். அந்த நிறுவனங்களில் பாதி இப்போது இல்லை. எண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன, முதலாளி விற்றுவிட்டுப் போன பிறகும் பெயர் மாறாத தோட்டங்கள் மாதிரி.

நம் நாட்டின் தோட்ட வரலாற்றை எழுதியிருக்கிறோம். ரயில் பாதைக்கும் சடக்குக்கும்கூட வரலாறு உண்டு. ஆனால் எந்தக் கைப்பேசி வாங்குவது, மாதம் எவ்வளவுக்கு பிளான் எடுப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் நடக்கும் பேச்சுக்கு வரலாறு இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. எனக்கு அது முக்கியமான வரலாறாகத் தோன்றுகிறது. யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம், எந்த மொழியில் எழுதலாம் என்பதையெல்லாம் கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தக் கட்டணத் திட்டங்கள்தான் சத்தமில்லாமல் முடிவு செய்திருக்கின்றன.

சம்பளச் சீட்டு இருந்தவர்கள்

தொலைபேசி இங்கே முதலில் அரசாங்கத்தின் சொத்து. ஜபாத்தான் தெலிகோம் என்ற அரசு இலாகாதான் கம்பி இழுத்தது, பில் அனுப்பியது. 1985-இல் அந்த இலாகா ஆரம்பித்த நடமாடும் தொலைபேசிச் சேவைக்கு ஆத்தூர் 450 என்று பெயர். கேட்டால் சேலத்துப் பக்கத்து ஊர் மாதிரி இருக்கும். வானொலி அலைவழித் தானியங்கித் தொலைபேசி என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. கருவி பெரும்பாலும் காரில் பொருத்தியிருக்கும். கையில் தூக்கினால் ஒரு சின்ன சூட்கேஸ். விலை பல ஆயிரம் வெள்ளி. அதன் எண் 011-இல் தொடங்கியது.

1987-இல் அந்த இலாகா சியாரிகாட் தெலிகோம் மலேசியா என்ற நிறுவனமானது. மறு ஆண்டு அதன் கிளையாகத் தொடங்கப்பட்டதுதான் பின்னாளில் செல்கோம். 1990-களின் நடுவில் உரிமங்கள் பெருகின. பினாரியாங் என்ற பெயரில் இருந்த நிறுவனம் 1995-இல் மெக்சிஸ் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு முத்தியாரா நிறுவனம் டிஜி என்ற பெயரில் களமிறங்கியது.

மெக்சிஸ் நிறுவனத்தின் பின்னால் இருந்தவர் ஆனந்த கிருஷ்ணன். பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்து, அங்கிருக்கும் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்தவர். பூர்வீகம் யாழ்ப்பாணம். 2006-இல் அவருடைய நிறுவனம் தமிழ்நாட்டில் ஆரம்பித்து வளர்ந்த ஏர்செல்லின் 74 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. சென்னையிலும் மதுரையிலும் ஏர்செல் சிம் வைத்திருந்தவர்கள் பேசிய பேச்சுக்கான லாபத்தில் ஒரு பங்கு கோலாலம்பூருக்கு வந்தது. 2018-இல் ஏர்செல் திவாலானது. 2024 நவம்பரில் ஆனந்த கிருஷ்ணன் காலமானார்.

தமிழர் ஒருவர் நாட்டின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனத்தை நடத்தினார் என்பதில் நம்மவர்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் 1995-இல் அந்த நிறுவனத்தின் சேவையைப் பெறத் தோட்டத்துத் தமிழர் ஒருவரால் முடிந்திருக்காது. அப்போது எல்லாமே போஸ்ட்பெய்ட். பேசிவிட்டு மாதக் கடைசியில் கட்ட வேண்டும். அதாவது நிறுவனம் உங்களுக்குக் கடன் கொடுக்கிறது. கடன் கொடுப்பவன் என்ன கேட்பானோ அதையெல்லாம் கேட்டார்கள்: சம்பளச் சீட்டு, நிலையான முகவரி, பெயரில் ஒரு பில், இல்லாவிட்டால் முன்பணம். லயத்து வீட்டில் மின்சார பில் நிர்வாகத்தின் பெயரில் இருக்கும். வீடும் நிர்வாகத்தின் வீடு. ஒருவரின் முகவரியே முதலாளியின் முகவரிதான். அவசரம் என்றால் கிராணி ஆபீஸுக்குப் போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பத்துக் காசு நாணயங்களைப் பொறுக்கிக்கொண்டு பொதுத் தொலைபேசிக்கு நடக்க வேண்டும்.

இன்னொரு தடையும் இருந்தது. டிஜி 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தொடங்கியது. அந்த அலை நகரத்துக்குப் பொருந்தும், தூரம் போகாது. 900 மெகாஹெர்ட்ஸ் அலை கூடுதல் தூரம் போகும், மரங்களையும் சுவர்களையும் ஓரளவு தாண்டும். ரப்பர் மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவில் வாழ்ந்தவர்களுக்கு எந்த நிறுவனத்தின் விலை மலிவு என்பது இரண்டாவது கேள்விதான். எந்த அலை வந்து சேர்கிறது என்பது முதல் கேள்வி. “நம்ம பக்கம் எதுக்கு லைன் இருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் சிம் வாங்குவார்கள். இன்றும் அதுதான் சரியான முதல் கேள்வி.

நாள்களை விற்ற அட்டை

1998-இல் டிஜி நாட்டின் முதல் பிரிபெய்ட் சேவையை அறிமுகம் செய்தது. மறு ஆண்டு மெக்சிஸ் ஹாட்லிங்க்கைக் கொண்டுவந்தது. ஆசியப் பொருளாதார நெருக்கடி நடந்துகொண்டிருந்த நேரம். வேலை போனவர்கள், பில் கட்ட முடியாதவர்கள் பெருகியிருந்தார்கள். முதலில் காசு, பிறகு பேச்சு என்ற ஏற்பாடு இரண்டு பக்கமும் வசதியாக இருந்தது. சம்பளச் சீட்டு வேண்டாம். முகவரி வேண்டாம். மளிகைக் கடையில் சுரண்டல் அட்டை வாங்கி, நாணயத்தால் சுரண்டி, இலக்கங்களை அழுத்தினால் போதும்.

தோட்டத்திலும் புறம்போக்குக் குடியிருப்பிலும் இருந்த நம்மவர்களின் கையில் கைத்தொலைபேசி வந்தது இந்த அட்டையால்தான். கருவியை யாரோ பயன்படுத்தியதாக வாங்கிக்கொள்ளலாம். எண் சொந்தமானது. தலைமுறை தலைமுறையாக நிர்வாகத்தின் முகவரியில் வாழ்ந்த குடும்பங்களுக்கு, தங்கள் பெயரில் கிடைத்த முதல் முகவரி ஒரு பிரிபெய்ட் எண்ணாக இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. வீடு மாறினார்கள், தோட்டம் துண்டாடப்பட்டது, தாமானுக்கு வந்தார்கள். எண் கூடவே வந்தது.

எஸ்டிபிஎம் முடித்த பிறகு, 2004-இல் சில மாதங்கள் சுங்கைப்பட்டாணியில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை செய்தேன். நான் அங்கே விற்றதில் பெரும்பகுதி கைப்பேசி இல்லை, பத்து வெள்ளி ரீலோட். சம்பளம் போட்ட வாரம் முப்பது வெள்ளி அட்டை போகும். மற்ற நாட்களில் பத்து. மாதக் கடைசியில் ஐந்து.

அந்த அட்டையின் கணக்கு எளிமையானது. பத்து வெள்ளிக்குப் பத்து நாள். ஐந்து வெள்ளிக்கு ஐந்து நாள். நாள் முடிந்தால், மிச்சப் பணம் இருந்தாலும் கூப்பிட முடியாது. கொஞ்ச காலம் வருகிற அழைப்பை மட்டும் எடுக்கலாம். அதற்குள்ளும் ரீலோட் போடாவிட்டால் எண்ணே போய்விடும். பெயருக்கு நிமிடக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம் என்று பட்டியல் இருந்தது. உண்மையில் அவர்கள் விற்றது நாள்களை. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி. பேசினாலும் பேசாவிட்டாலும் ஆண்டுக்கு 365 வெள்ளி.

அந்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பெரிய கோரிக்கை, நாள்கூலிக்குப் பதிலாக மாதச் சம்பளம் வேண்டும் என்பது. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, கூலி இல்லை. நாள்கூலிக்காரரின் கையில் நாள்கணக்குத் தொலைபேசி வந்து சேர்ந்ததை அப்போது நான் யோசித்துப் பார்த்ததில்லை. கடைக்கு வரும் ஓர் அம்மா மட்டும் சரியாகச் சொல்வார். “தம்பி, மாசக் காசு வாங்குறவன் மாசத்துக்குப் பேசறான். நான் நாளுக்கு வாங்குறேன், நாளுக்குப் பேசறேன். ஆனா அவனுக்கு நிமிசம் மலிவு, எனக்கு அதிகம். அது எப்படி?” எனக்குப் பதில் தெரியவில்லை. தவுக்கே கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி கணக்கெழுதப் போனார்.

பதில் இப்போது தெரியும். மாதச் சம்பளக்காரரை நிறுவனம் இழக்க விரும்பவில்லை, அதனால் நிமிடத்தைக் குறைத்தது. நாள்கூலிக்காரருக்கு வேறு வழியில்லை என்று அதற்குத் தெரியும். சில்லறையாக வாங்குபவர் கூடுதல் விலை கொடுப்பார் என்பது மளிகைக் கடையில் நாம் பழகிய விதிதான். சீனியைக் கட்டிக் கட்டி வாங்கும் வீடு, மூட்டையாக வாங்கும் வீட்டைவிட அதிகம் செலவு செய்கிறது.

அதற்கு எதிராக ஜனங்கள் கண்டுபிடித்தது மிஸ்கால். ஒரு மணி அடித்தால் “கிளம்பிட்டேன்”, இரண்டு என்றால் “கூப்பிடு”. எத்தனை மணி என்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அகராதி இருந்தது. காசில்லாமல் பேசிய அந்த மொழி எந்த நிறுவனத்தின் கணக்கிலும் ஏறவில்லை.

2006-இல் பிரிபெய்ட் எண்களை அடையாள அட்டையோடு பதிவு செய்வது கட்டாயமானது. முகவரி இல்லாதவரின் தொலைபேசி என்ற நிலை அதோடு முடிந்தது. 2008 அக்டோபரில் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுதும் வந்தது. அதன்பிறகுதான் 012 வைத்திருப்பவர் மெக்சிஸ்காரர் என்று சொல்ல முடியாமல் போனது. வாடிக்கையாளருக்கு நிறுவனத்தோடு பேரம் பேசும் பலம் முதல்முறையாகக் கிடைத்ததும் அப்போதுதான். அதுவரை எண்ணை இழக்கப் பயந்தே பலர் பிடிக்காத நிறுவனத்தில் கிடந்தார்கள்.

எழுபது எழுத்து

எஸ்எம்எஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலக்கிய வாசகர்களுக்கு இந்த வரலாற்றில் நேரடிப் பங்கு இருக்கும் இடம் அது.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அது ரோமன் எழுத்துக்கான கணக்கு. அந்த எழுத்து ஒவ்வொன்றும் 7 பிட் இடம் எடுக்கும். தமிழ், சீனம், அரபு போன்ற எழுத்துகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 16 பிட் வேண்டும். ஆகவே அதே எஸ்எம்எஸ்ஸில் 70 இடம்தான். தமிழுக்கு இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘தமிழ்’ என்பது நம் கணக்கில் மூன்றெழுத்து. கைப்பேசியின் கணக்கில் ஐந்து இடம். ‘வாழ்த்துகள்’ நமக்கு ஆறெழுத்து, அதற்குப் பதினொன்று. எழுபதைத் தாண்டிவிட்டால் இரண்டு எஸ்எம்எஸ் ஆகிவிடும், இரண்டு கட்டணம்.

பத்து வெள்ளிக்குப் பத்து நாள் வாழ்பவர் தமிழில் எழுதுவாரா? தமிழை ரோமன் எழுத்தில் எழுதினார். இன்றும் நம்மில் பலர் அப்படித்தான் எழுதுகிறோம். அதைச் சோம்பல் என்றும் மொழிப்பற்று இல்லை என்றும் மேடையில் திட்டுகிறார்கள். அந்தப் பழக்கத்தின் வேரில் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு தலைமுறையே தமிழைத் தட்டச்சு செய்யக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில், தமிழ் எழுத்து இரண்டு மடங்குக்கும் மேல் விலையில் இருந்தது. அதுவும் தமிழ் தெரியும் கருவி கையில் இருந்தால்தான்.

அந்தக் கருவிப் பிரச்சினையை எடுத்துக்கொண்டவர் மலேசியரான முத்து நெடுமாறன். மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தொகுத்த முரசு நெடுமாறனின் மகன். 1985-லேயே முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கியவர். 2005-இல் தைப்பொங்கலன்று சிங்கப்பூரில் அவருடைய செல்லினம் வெளியீடு கண்டது. கைப்பேசியில் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்ப வழி பிறந்தது. 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் ஐபோனில் தமிழ் விசைமுகங்கள் உள்ளுக்குள்ளேயே இருந்தன. ஆண்ட்ராய்டின் ஆரம்பகாலக் கைப்பேசிகளில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அந்த ஆண்டுகளில் நான் கைப்பேசி வாங்கக் கடைக்குப் போனால் முதலில் ஒரு தமிழ் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்வேன். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பது அதற்கு அப்புறம்தான்.

2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் பேரணி நடந்தது. அதற்கான அழைப்பு கோயில்களிலும் கூட்டங்களிலும் பரவியதோடு எஸ்எம்எஸ்ஸிலும் பரவியது. எனக்கு வந்தவை எல்லாம் ரோமன் எழுத்தில் இருந்த தமிழ். ஒன்றுகூடத் தமிழ் எழுத்தில் இல்லை. இந்நாட்டுத் தமிழர் வரலாற்றின் மிகப் பெரிய திரட்சிகளில் ஒன்றுக்கான அழைப்பைத் தமிழ் வரிவடிவத்தில் எழுதச் சாதாரண மனிதருக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்தச் செய்திகளைச் சேமித்து வைத்தவர்களும் குறைவு. பழைய கைப்பேசிகளில் உள்பெட்டி நிறைந்ததும் அழித்துவிடுவோம். ஓர் ஆவணக்காப்பகம் அப்படித்தான் காணாமல் போனது.

செட் வாங்குவது

2009 மார்ச்சில் மெக்சிஸ் ஐபோனை அதிகாரபூர்வமாக இங்கே கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஆண்ட்ராய்ட் பெருகியது. பிளாக்பெர்ரி வாங்க வசதி இல்லாதவர்களுக்கு சிஎஸ்எல் என்ற உள்ளூர் நிறுவனம் புளூபெர்ரி என்ற பெயரில் கைப்பேசி விற்றது. நைனெட்டாலஜி என்று இன்னொரு உள்ளூர் முத்திரை இருந்தது. இன்றைய இளைஞர்களுக்கு இந்தப் பெயர்கள் நகைச்சுவையாக இருக்கலாம். தொடுதிரையை முதன்முதலில் தொட்ட பலரின் விரல் தொட்டது இவற்றைத்தான்.

2013-இல் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. ஜனவரி முதல் தேதி குறைந்தபட்சச் சம்பளம் அமலுக்கு வந்தது, தீபகற்பத்தில் 900 ரிங்கிட். அதே மாதம் 21 முதல் 30 வயதுக்குள், மாதம் 3,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பாதிக்காத இளைஞர்களுக்கு 3ஜி திறன்பேசி வாங்க 200 ரிங்கிட் தள்ளுபடி தரும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. அது பொதுத்தேர்தல் ஆண்டு. கைப்பேசி இனி ஆடம்பரம் இல்லை, ஓட்டுக்குப் பெறுமானமுள்ள பொருள் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட தருணம் அது.

கடைகளில் ஒரு புதுச் சொல் புழங்கியது: ஏபி செட். நிறுவனத்தின் மலேசியக் கிளை வழியாக, சிரிம் சான்றோடு வருவது ‘ஒரிஜினல் மலேசியா செட்’. வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்ததை யாரோ இறக்குமதி செய்து விற்பது ஏபி செட். விலை குறைவு. ஆனால் நிறுவனத்தின் உத்தரவாதம் கிடையாது, கடைக்காரர் கொடுக்கும் வாய்வழி உத்தரவாதம்தான். போலி செட்டும் உண்டு. ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்குபவருக்கு இந்த மூன்றையும் பிரித்தறிவது வாழ்க்கைப் பிரச்சினை.

அந்தச் சந்தேகம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை 2015 ஜூலையில் பார்த்தோம். 11-ஆம் தேதி, கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் ஓர் இளைஞர் திறன்பேசியைத் திருடியதாகப் பிடிபட்டார். தொடர்ந்து கைகலப்பு. அவருக்குப் போலிக் கைப்பேசி விற்று ஏமாற்றினார்கள் என்று சமூக ஊடகத்தில் வதந்தி பரவியது. போலீஸ் அது திருட்டு வழக்குதான் என்றது. மறுநாள் இரவு லோயாட் முன்பு கூட்டம் கூடியது, சிலர் தாக்கப்பட்டார்கள், செய்தியாளர்களுக்கும் அடி விழுந்தது. இன மோதலாக மாற்றப் பார்த்தார்கள். எங்கள் குடும்பக் குழுவில் “யாரும் புக்கிட் பிந்தாங் பக்கம் போகாதீங்க” என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் மாரா டிஜிட்டல் என்ற கைப்பேசி வளாகம் திறக்கப்பட்டது. ஜனங்கள் அதை லோயாட் இரண்டு என்று அழைத்தார்கள். கைப்பேசி எங்கே வாங்குவது என்பதுகூட இந்நாட்டில் இனக் கேள்வியாக மாறக்கூடும் என்பதற்கு இது சாட்சி. ஏமாற்றப்படுவோமோ என்ற பயம் எல்லா இனத்து ஏழைக்கும் பொதுவாக இருந்தது. அதைச் சுலபமாக ஒரு பக்கம் திருப்பிவிட முடிந்தது.

மரத்தின் மேல் ஒரு மாணவி

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சின் ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தொலைபேசி நிறுவனங்கள் நாளுக்கு 1 ஜிபி இலவச இணையம் கொடுத்தன, காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. அப்பா வேலை முடிந்து கைப்பேசியோடு வீட்டுக்கு வரும் நேரத்தில் இலவசம் முடிந்திருக்கும்.

ஜூன் மாதம் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணையத் தேர்வு எழுதுவதற்காக மரத்தின் மேல் ஏறி இரவெல்லாம் தங்கினார். நாடு முழுக்கப் பேசினார்கள். அமைச்சர்கள்வரை வாதம் நடந்தது. அது சபாவின் உட்பகுதிப் பிரச்சினை என்று பலர் நினைத்தார்கள். கெடாவில், நெடுஞ்சாலையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என் அக்கா வீட்டிலும் கிணற்று மேட்டில்தான் லைன் கிடைக்கும். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வாட்ஸ்ஆப்பில் பாடத்தைப் படமெடுத்து அனுப்புவார். மூத்தவள் முடித்தால்தான் அடுத்தவன். ஆசிரியருக்கு விவரம் தெரியும். இரவு பதினொரு மணிக்கு அனுப்பினாலும் திருத்திக் கொடுத்தார். இல்லிருப்புக் கற்றல் என்று அதற்கு அழகான தமிழ்ப்பெயர் வைத்திருந்தோம்.

2021-இல் கடைக்குள் நுழையவே மைசெஜாத்ரா வேண்டியிருந்தது. பொத்தான் போன் வைத்திருந்த பெரியவர்கள் வாசலில் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டு நின்றார்கள். அதே ஆண்டு கடைசியில் ஜெண்டெலா திட்டத்தின் கீழ் நாடு முழுதும் 3ஜி அலை நிறுத்தப்பட்டது. 2013-இல் அரசாங்கம் 200 ரிங்கிட் தள்ளுபடி கொடுத்து வாங்கச் சொன்ன அதே வகைக் கருவிகளில், 4ஜி இல்லாதவை எட்டே ஆண்டில் இணையத்துக்கு உதவாமல் போயின. டிசம்பர் 15-இல் கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் சைபர்ஜெயாவிலும் 5ஜி தொடங்கியது. ஒரு பக்கம் கதவைத் திறக்கும்போதே இன்னொரு பக்கம் சாத்துவது இந்தத் துறையின் வழக்கம்.

அன்லிமிட்டெட்

இன்று நிமிடக் கணக்கு இல்லை. எஸ்எம்எஸ் கணக்கு இல்லை. 2018-இல் யூ மொபைல் வரம்பில்லா இணையத்தைக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கிய பிறகு மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். டியூன் டாக், எக்ஸ்ஓஎக்ஸ், ரெட்ஒன் போன்ற நிறுவனங்கள் சொந்தக் கோபுரம் இல்லாமல் பெரிய நிறுவனத்தின் அலையை வாடகைக்கு எடுத்து மலிவாகத் தருகின்றன. 2022 நவம்பரில் செல்கோமும் டிஜியும் ஒன்றாகிவிட்டன. பதினொரு இலக்கத்தோடு புதிதாக வரும் இளைஞர்களின் எண்கள் 011-இல் ஆரம்பிக்கின்றன. 1985-இல் காரில் சூட்கேஸ் வைத்திருந்தவர்களின் எண் அது.

போன மாதம் அக்கா மகள் கேட்டாள். “மாமா, யுனிவர்சிட்டிக்குப் போறேன். எந்த போன், எந்த பிளான்? சீப்பா இருக்கணும், ஸ்லோவா இருக்கக்கூடாது.” அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். இதில் என் சொந்தக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. மேலே சொன்ன வரலாறு கற்றுக்கொடுத்ததுதான்.

முதலில், போய்த் தங்கும் இடத்தில் எந்த அலை வருகிறது என்று பார். விடுதி அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. ஒரு மலிவு பிரிபெய்ட் சிம்மை ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய். வாடகை அலை நிறுவனம் என்றால் அது யாருடைய கோபுரத்தில் ஓடுகிறது என்று கேள். எண்ணை மாற்றாமல் போகலாம் என்ற உரிமையை 2008-லிருந்து வைத்திருக்கிறோம், அதைப் பயன்படுத்து.

இரண்டாவது, அன்லிமிட்டெட் என்று சொன்னால் எதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள் என்று தேடு. முன்பு நாளுக்கு வரம்பு. இப்போது வேகத்துக்கு வரம்பு. 3 எம்பிபிஎஸ் வேகத்தில் 1 ஜிபி இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். பாடம் கேட்க, சாதாரணத் தரத்தில் படம் பார்க்க அது போதும். ஆனால் குறிப்பிட்ட அளவு முடிந்ததும் 128 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிடும் திட்டங்கள் உண்டு. அந்த வேகத்தில் ஐந்து எம்பி பாடக்குறிப்பு இறங்கவே ஐந்து நிமிடத்துக்கு மேல். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு வைத்திருப்பார்கள். மடிக்கணினிக்கு அதுதான் வேண்டும் என்றால் அந்த எண்ணை மட்டும் பார்.

மூன்றாவது, போனோடு சேர்த்துத் தரும் ஒப்பந்தம். ‘இலவச போன்’ என்ற பேச்சைக் கேட்டதும் கால்குலேட்டரை எடு. உதாரணத்துக்கு மாதம் 98 ரிங்கிட், 24 மாதம் என்றால் மொத்தம் 2,352. அதே போன் கடையில் 1,000 ரிங்கிட், உனக்குப் போதுமான பிரிபெய்ட் மாதம் 35 என்றால் இரண்டு ஆண்டுக்கு 1,840. வித்தியாசம் 512. நடுவில் விலகினால் அபராதமும் உண்டு. கையில் மொத்தமாக ஆயிரம் இல்லாதவர்தான் ஒப்பந்தத்துக்குப் போகிறார், அதனால் அவர்தான் கூடுதலாகக் கட்டுகிறார். 2004-இல் அந்த அம்மா கேட்ட கேள்விதான் இது, கணக்கு மட்டும் மாறியிருக்கிறது. அந்த ஆயிரத்தை வீட்டில் யாராவது வட்டியில்லாமல் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுவது நல்லது. நான் கொடுத்தேன்.

நான்காவது, போன். எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள் என்று கேள். விலை உயர்ந்த சில ரகங்களுக்கு ஏழு ஆண்டுவரை வாக்குக் கொடுக்கிறார்கள், மலிவானவற்றுக்குக் குறைவு. இப்போது வங்கிச் செயலி ஒரே கருவியோடு கட்டிப்போட்டிருக்கிறது. புதுப்பிப்பு நின்ற போனில் உன் கடனுதவிப் பணம் இருக்கும். 3ஜி நின்ற பிறகு, வோல்டி இல்லாத கருவியில் குரல் அழைப்பு பழைய 2ஜிக்கு இறங்கிவிடும். வெளிநாட்டு ஏபி செட் வாங்குவதானால் அதைக் கடையிலேயே உன் சிம்மைப் போட்டுச் சோதித்துப் பார். சேமிப்பிடம் குறைவான போனை வாங்கினால் குடும்பக் குழுவின் காலை வணக்கப் படங்களே அதை நிறைத்துவிடும்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஐஃபோன் செகண்ட்ஹேண்ட் எடுத்தா என்ன மாமா?” என்றாள். பேட்டரியின் ஆரோக்கிய விழுக்காட்டைப் பார்த்து எடு என்றேன். கடைசியில் அவள் எடுத்தது ஓர் ஆண்ட்ராய்ட், சிரிம் முத்திரையோடு. பிளான் 35 வெள்ளி பிரிபெய்ட், முப்பது நாள். அவள் அம்மா இன்னும் பத்து வெள்ளி ரீலோட்தான் போடுகிறார்.

புதுப் போனிலிருந்து வந்த முதல் செய்தி தமிழில் இருந்தது, ரோமன் எழுத்தில். நான் தமிழ் எழுத்தில் பதில் எழுதினேன். இப்போது இரண்டுக்கும் ஒரே விலைதான். அதை அவளுக்கு ஒரு நாள் சொல்ல வேண்டும்.